வராத காருக்கு ஒரு விலை

போன வருடம் கண்டி, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கார் சேலுக்கு நண்பரோடு போயிருந்தேன். ஜப்பானிலிருந்து வரவேண்டிய வேகன் ஆர். நம்மூரில் பாதிப்பேருக்கு ‘புதுக் கார்’ என்றால் இதுதான்: ஜப்பான்காரன் ஓட்டியது, இங்கே இன்னும் பதியாதது. கார் கண்ணில் இல்லை. போனில் ஏலத்தாளின் படம், மேசையில் இரண்டு பக்க ஆங்கிலப் படிவம், அவ்வளவுதான். கையெழுத்துப் போடப்போன நண்பர் கடைசிக்கு முந்திய வரியில் நின்றுவிட்டார். டெலிவரி அன்றைக்கு உள்ள டொலர் விலை, சுங்கத் தீர்வை, வற் எல்லாம் வாங்குபவர் தலையில்.

"நானா, இது எவ்வளவுக்கு ஏறும்?" என்று விற்பவரைக் கேட்டார்.

"அது எல்லாருக்கும் போடுறதுதானே மாஸ்டர். பயப்பட வேணாம்."

எல்லாருக்கும் போடுவது உண்மைதான். சென்னை ஷோரூம் புக்கிங் படிவத்திலும் ‘டெலிவரி நாள் விலையே செல்லும்’ என்று இருக்கும். அங்கே அதனால் பெரும்பாலும் சில ஆயிரங்கள் கூடும். 2025 செப்டம்பர் 22இல் சிறிய கார்களின் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியபோது, புக் பண்ணிக் காத்திருந்தவர்களுக்குப் படிவத்தின் அதே வரி லாபமாகக்கூட முடிந்தது. இங்கே இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1இல். இடையில் டொலர் 185 ரூபாய்ப் பக்கமிருந்து 300 ரூபாய்ப் பக்கம் போயிருந்தது. 10,000 டொலர் கார் என்றால், வரிக்கு முன்னமே பதினொரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

ஆகவே இந்தியாவில் சண்டை பெரும்பாலும் வந்து சேர்ந்த காரைப் பற்றியது. ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ ஏன், கேட்காத இன்சூரன்ஸ் ஏன், மாடல் பழசா என்று. கோவாவில் ஒருவர் 2011 மாடலுக்குப் பணம் கட்ட, டீலர் 2009 மாடலைத் தள்ளிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 பெப்ரவரியில் தயாரிப்பாளரான டாடா மோட்டார்ஸ் விடுவிக்கப்பட்டது. டீலர் செய்தது நிறுவனத்துக்குத் தெரியும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. கண்டியிலோ சண்டை வராத காரைப் பற்றியது.

முறையிடும் விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் இடைவெளி இன்னும் அதிகம். இந்தியரிடம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருட அவகாசம். ஒரு வேடிக்கை: ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று எழுதினால் மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். ‘சேவைக் குறைபாடு’ என்றால் வீட்டுப் பக்கத்திலேயே முடியும்.

நமக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். சபை நட்டஈடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிடலாம். கேளாவிட்டால் நீதவான் நீதிமன்றம். எனக்கு இடிப்பது அந்த மூன்று மாதம். முற்பணம் கட்டியாயிற்று, கார் கடலில்; விற்பனை நடந்துவிட்டதா? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் விற்பனையையும், விற்பதற்கான உடன்பாட்டையும் வேறு வேறாகத்தான் வைக்கிறது. 1997இன் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டமும் கையில் உண்டு, ஆனால் அதோடு மாவட்ட நீதிமன்றப் படி ஏற எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

நண்பர் கையெழுத்துப் போடவில்லை. விலை ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் முற்பணம் முழுக்கத் திரும்ப வேண்டும் என்று எழுதித் தரும்படி கேட்டார். நானா கொஞ்சநேரம் றோட்டைப் பார்த்தார். பிறகு அந்த வரிக்குப் பக்கத்திலேயே சிங்களத்தில் எழுதி, திகதி போட்டு, இறப்பர் முத்திரையை அழுத்தினார். மை காய்கிற வரைக்கும் நண்பர் படிவத்தை மடிக்கவில்லை.