செவிகொடுத்த ஆசான்

நல்லாசிரியர் ஒருவரை நாம் எதனைக் கொண்டு அளக்கிறோம்? அவர் சாயலில் எத்தனை மாணவர் உருவாயினர் என்பதைக் கொண்டே பெரும்பாலும் அளக்கிறோம். சீடனின் குரலில் குருவின் கமகம் ஒலித்தால் மனம் நிறைகிறோம். இந்த அளவுகோலை ஐயுறச் செய்கிறது பிரான்சு நாட்டு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானின் (1908–1992) வாழ்வு.

அவர் அவிஞோன் நகரில் பிறந்தவர். தாய் கவிஞர், தந்தை ஷேக்ஸ்பியரைப் பிரெஞ்சில் பெயர்த்த ஆங்கில ஆசிரியர். 11 வயதிலேயே பாரிஸ் இசைக்கல்லூரியில் சேர்ந்தார். 1931இல் அந்நகரின் மூவொரு இறைவன் ஆலயத்தில் ஆர்கன் இசைப்பவராக அமர்ந்தவர், உலகப்புகழ் வந்த பின்னரும், இறக்கும்வரை ஏறத்தாழ 60 ஆண்டுகள் அப்பணியைத் துறக்கவில்லை.

1940இல் போர்க்கைதியாகி, கேர்லிட்ஸ் முகாமில் அடைக்கப்பட்டார். ‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’ 1941 சனவரி 15 அன்று அங்கேதான் அரங்கேறியது. திருவெளிப்பாட்டு நூலின் வானதூதர் காட்சியில் கருக்கொண்ட படைப்பு அது. வயலின், செல்லோ, கிளாரினெட் கலைஞர்கள் உடன் கைதிகளாக இருந்தனர். பியானோவில் அவரே அமர்ந்தார். செல்லோவில் மூன்று தந்திகளே இருந்தன என்று மெசியான் பின்னாளில் கூறிவந்தார். அதை வாசித்த பஸ்கியேவோ நான்கும் இருந்தன என்று மறுத்தார். வாசித்தவர் சொல்லையே நாம் நம்புகிறோம். அறுந்த தந்தியின் துணை இல்லாமலே அவ்விசை நிலைத்து நிற்கும்.

விடுதலையான அதே 1941இல் தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். 1978 வரை கற்பித்தார். அவரிடம் பயின்றோரை வரிசைப்படுத்தினால் வியப்பே மிஞ்சுகிறது. பியேர் பூலே, ஸ்டாக்ஹௌசன், செனாக்கிஸ், கிரிசே, ஜார்ஜ் பெஞ்சமின் ஆகிய இவர்களுள் ஒருவர் இசை மற்றொருவர் இசையைப் போன்றதன்று. ஆசான் இசையைப் போன்றதுமன்று. பூலே இளமையில் ஆசானின் படைப்புகள் சிலவற்றை வெளிப்படையாகவே பழித்தார். பின்னாளில் அதே பூலே ஆசானின் படைப்புகளை மேடையேற்றினார்.

செனாக்கிஸின் கதை இன்னும் தெளிவானது. கிரேக்கத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்த பொறியாளர் அவர். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவிடம் பணிபுரிந்தார். முப்பது வயதை நெருங்கும் வேளையில், இசையிலக்கணத்தைத் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டுமா என்று கேட்டு மெசியானிடம் வந்தார். வேண்டாம் என்றார் ஆசான். கிரேக்கராய்ப் பிறந்ததும், கணிதம் கற்றதும், கட்டடக்கலை அறிந்ததுமே உம் செல்வம். அவற்றைக் கொண்டே இசை செய்யும் என்பது அவர் அறிவுரையின் சாரம். இலக்கணம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர் இவ்வாறு சொல்வதற்குத் துணிவு வேண்டும். தம் விசுவாசத்தைப் பகிராத ஒருவரிடம் இதைச் சொன்னார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

குறையும் கூறவேண்டும். சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’ தொகுத்த 120 தேசித் தாளங்களை ஒரு கலைக்களஞ்சியத்தின் வழியே மெசியான் கண்டெடுத்துத் தம் இசையில் ஆண்டார். நம் மரபில் தாளம் கையால் போடப்படும் சுழற்சி; ஆவர்த்தனந்தோறும் சமத்துக்குத் திரும்பும் நிறைவு அதில் உண்டு. அவரிடத்தில் அது கால அளவுகளின் வரிசையாக மட்டுமே எஞ்சியது. அதனை இந்திய இசை என்று நாம் பெருமை பேசுவது பொருந்தாது. ஆனால் காட்டிலும் வயலிலும் நின்று, ஏட்டில் குறித்துக்கொண்ட பறவைக் குரல்களிலிருந்து அவர் ஆக்கிய ‘பறவைகளின் பட்டியல்’ (1956–58) என்னும் 13 பியானோப் படைப்புகளில் உயிர்த்துடிப்பு இருக்கிறது. ஏட்டில் படித்ததைவிடக் காதால் கேட்டதே அவரிடம் இசையாயிற்று. 1983இல் அரங்கேறிய புனித பிரான்சிஸ் அசிசியார் பற்றிய இசைநாடகத்தில், பறவைகளுக்குப் புனிதர் மறையுரையாற்றும் காட்சி நம் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு நீள்கிறது. பறவைகளை இடைமறிக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்!

குயிலைக் கருங்குருவியாக்க அவர் முயன்றதில்லை. மாணவரிடத்தும் அவ்வாறே இருந்தார். மறைக்கல்வி வகுப்பிலும் பாடகர் குழுவிலும் இல்லத்திலும் பிள்ளைகளுக்கு எதையேனும் கற்பிக்கும் நாம், அவர்கள் வாய் திறக்கும்போது எதைக் கேட்கக் காத்திருக்கிறோம்?