தாளாளர் மேசையில் முடியும் விசாரணை

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரிக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். அலுவலக வராந்தாவில் கட்டண விவரத்துக்கும் புதுமைப்பெண் திட்ட அறிவிப்புக்கும் நடுவில் ஒரு பலகை: உள்ளகப் புகார்க் குழு. தலைவர் இடத்தில் ஒரு துறைத் தலைவர் அம்மாவின் பெயர். மாணவர் பிரதிநிதிகள் என்ற வரிக்கு எதிரே வெறும் கோடு. எல்லாமே ஆங்கிலத்தில். தேவகோட்டை, கல்லல், புதுவயல் என்று டவுன் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள், ஃபீஸ் கட்ட வரிசையில் நிற்கும்போது கண்ணில் பட்டால் உண்டு. எழுத்தரிடம் கேட்டேன். “காலேஜ் தரம் பாக்க நாக் டீம் வந்தப்ப மாட்டுனது சார். அதுக்கப்புறம் நீங்கதான் மொத ஆளு கேக்குறீங்க.”

அந்தப் பலகையே விதிமீறல். பாலியல் தொல்லைத் தடுப்புக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி துறைத் தலைவர்கள் இந்தக் குழுவில் இருக்கவே கூடாது. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்களே தேர்ந்தெடுத்த மூன்று பேர் குழுவில் உட்கார வேண்டும். காரணம் வெளிப்படை. இன்டர்னல் மார்க்கில் கை வைக்கக் கூடியவர் முன்னால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

அந்த ஒழுங்குமுறையை உட்கார்ந்து முழுசாக வாசித்தால் ஓர் ஆச்சரியம் உண்டு: தண்டனைப் பகுதியைவிட ஆதரவுப் பகுதி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. விசாரணை முடியக் காத்திருக்க வேண்டாம். புகார் கொடுத்தவருக்கு மூன்று மாதம்வரை விடுப்பு உண்டு, அதனால் அவருடைய படிப்போ சலுகையோ பாதிக்கப்படக் கூடாது. வேண்டுமானால் வகுப்புப் பிரிவு மாற்றம். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய தேர்வையோ வேலையையோ மதிப்பிடத் தடை. எழுத்தில் கொடுக்கத் தெரியாதவருக்கு எழுதித் தரக் குழுவே உதவ வேண்டும். வளாகம் என்ற சொல்லுக்குள் கல்லூரி பஸ்ஸும் ஐ.வி. என்று தொழிற்சாலை பார்க்கப் போகிற ஊரும் விளையாட்டுப் போட்டி நடக்கும் மைதானமும் அடக்கம்.

குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதித்த பெண்ணுக்கு இவைதான் உயிர். விஷயம் அப்பா காதுக்குப் போன அன்றே “படிச்சது போதும்” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அந்த ஆளுக்கு என்ன தண்டனை என்பது அவளுக்கு இரண்டாம் கேள்வி. செமஸ்டர் போகாமல் இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. இந்தப் பகுதிக்குத் தாராளமாக மார்க் போடலாம். யாரும் பயன்படுத்துவதில்லை என்பதற்காகக் குறைக்க வேண்டியதில்லை.

சிக்கல் விசாரணையில். சென்னைக் கலாக்ஷேத்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் அங்கே உள்குழு, பாலியல் தொல்லைப் புகாரில் சாரமில்லை என்று கோப்பை மூடியது. மார்ச் கடைசியில் மாணவிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் வந்து கேட்டார், ஏப்ரல் 3-இல் ஓர் ஆசிரியர் கைதானார். பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் தனிக்குழு அமைந்தது. அந்த ஆசிரியர் குற்றவாளியா இல்லையா என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டிய வேலை. உள்குழு இருந்தும், மாணவிகள் தங்கள் பேச்சைக் கேட்க வைக்கத் தரையில் உட்கார வேண்டியிருந்தது என்பதே என் கவலை.

எதிர்ப்பக்கத் தவறு கோவாவில் நடந்தது. இதைப் பெண்களுக்காகப் பேசுகிறவர்கள்தான் அதிகம் படிக்க வேண்டும். கோவா பல்கலைக்கழக அரசியல் அறிவியல் துறைத் தலைவர் ஆரேலியானோ பெர்னாண்டஸ் மீது 2009-இல் மாணவிகள் புகார் கொடுத்தார்கள். குழு 18 முறை கூடியது. மே மாதத்தில் திடீரென்று வேகம் பிடித்து அடுத்தடுத்து அமர்வுகள். அவர் உடல்நிலையைச் சொல்லி அவகாசம் கேட்டும், அவர் இல்லாமலேயே விசாரணை முடிந்தது. வேலை பறிபோனது, மும்பை உயர் நீதிமன்றமும் 2012-இல் அதை ஏற்றது. 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் போபண்ணாவும் ஹிமா கோலியும் பதவிநீக்கத்தை ரத்து செய்து, விசாரணையை மறுபடி நடத்தச் சொன்னார்கள். அவர் குற்றமற்றவர் என்று அவர்கள் சொல்லவில்லை. தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு முறையான வாய்ப்பு தரவில்லை என்றார்கள். புகார் கொடுத்த பிள்ளைகளுக்குப் பதினான்கு வருஷம் வீண். நியாயமான விசாரணை என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குக் காட்டும் சலுகை என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

குழுவே எதற்கு, நேராகப் போலீஸுக்குப் போகலாமே என்பார்கள். போகலாம், போகத்தான் வேண்டும். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23 அன்று ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமைக்கு 2025 ஜூன் 2 அன்று தண்டனை அறிவித்தார்கள்: ஆயுள், குறைந்தது 30 ஆண்டு சலுகையில்லாமல். ஐந்தரை மாதத்துக்குள் இது நடந்தது பெரிய காரியம். ஆனால் அதே வழக்கில் அந்த மாணவியின் அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. 25 லட்சம் இடைக்கால இழப்பீடும், படிப்புக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற உத்தரவும் உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தன. நமக்குப் பக்கத்து அருப்புக்கோட்டையில் மாணவிகளைத் தவறான வழிக்கு இழுக்கப் பேராசிரியை நிர்மலா தேவி பேசிய ஒலிப்பதிவு 2018-இல் வெளிவந்தது. தீர்ப்பு வர 2024 ஏப்ரல் ஆனது. அதுவரை கல்லூரிக்குள் யார் யாரோடு ஒரே வகுப்பறையில் உட்காருவது என்று நீதிமன்றமா தினம் வந்து பார்க்கும்?

ஆகவே குழு வேண்டும். அது இயங்கும் மண்ணையும் பார்க்க வேண்டும். பங்காளிச் சண்டையிலிருந்து பாகப்பிரிவினை வரை வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேசி முடித்த ஊர்கள் இவை. சொத்து விவகாரத்துக்கு அது நல்ல பழக்கம்தான். சட்டத்திலும் சமரசத்துக்கு இடமுண்டு, ஆனால் புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டும், பணம் கைமாறாமல். இங்கே சமரசத்தைக் கேட்பவர் அவராக இருப்பதில்லை. “ஒரு பொண்ணு பேரு கெட்டுரக் கூடாது பாருங்க” என்று தொடங்குகிற பெரியவர், பெரும்பாலும் கல்லூரி பெயரைத்தான் நினைத்துப் பேசுகிறார். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்ற வரியையும் அவரே நினைவூட்டுவார். நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகாது என்று அதே விதியில் அடுத்து எழுதியிருப்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கடைசிக் கட்டத்தில். 90 நாளில் விசாரணை, அடுத்த 10 நாளில் அறிக்கை, 30 நாளில் நடவடிக்கை. நடவடிக்கை எடுப்பவர் நிர்வாகத் தலைமை. அறிக்கை பிடிக்காதவர் மேல்முறையீடு செய்வதும் அதே நிர்வாகத் தலைமையிடம். சுயநிதிக் கல்லூரியில் இதற்குத் தாளாளர் மேசை என்று பொருள். குழு எவ்வளவு நேர்மையாக விசாரித்தாலும், முடிவும் அதன் மீதான முறையீடும் ஒரே இழுப்பறையில் கிடக்கும். புகாரே முதலாளி மீது என்றால், பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய 2013 சட்டம் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்கு வழி காட்டுகிறது. நான் பார்த்த பலகையில் அந்த வரி இல்லை. குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு அபராதம் 50,000 ரூபாய் வரைதான்.

என் தீர்ப்பு இது: ஆதரவு விதிகள் தேறும், விசாரணை விதிகள் ஒழுங்காகப் பின்பற்றினால் தேறும், மேல்முறையீடு தேறாது. அதை நிர்வாகத்தின் கையிலிருந்து எடுத்து, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளை இணைத்து வைத்திருக்கும் அழகப்பா பல்கலைக்கழக அளவில், வேறு மாவட்டத்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருக்கும் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் மட்டும் யோக்கியமா என்று கேட்பார்கள். அதனால்தான் வேறு மாவட்டம் என்கிறேன். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் வேண்டியவர்கள்.