ஆவிகளின் சாட்சியம்

பேய்க்கதை சமுதாய உண்மையிலிருந்து மக்களைத் திசைதிருப்பும் என்பது நம்மிற் பலரது துணிபு. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் தனனரீவ் டியூ 2023இல் வெளியிட்ட ‘த ரிஃபோர்மற்றரி’ நாவல் அத்துணிபை மறுக்கிறது.

1950ஆம் ஆண்டு. தமக்கைக்காக வெள்ளை இளைஞனொருவனை உதைத்த பன்னிரண்டு வயதுக் கறுப்புச் சிறுவன் றொபேட், புளோரிடாவின் சீர்திருத்தப் பள்ளியொன்றில் அடைக்கப்படுகிறான். அங்கு மடிந்த சிறுவரின் ஆவிகள் அவன் கண்ணுக்குப் புலனாகின்றன. ஆயினும், பக்கத்துக்குப் பக்கம் மெல்லப் பெருகும் அச்சம் ஆவிகளால் விளைவதன்று. தோல்வார் ஏந்திய அதிகாரிகளால் விளைவது.

இது வெறுங் கற்பனையுமன்று. 2011இல் மூடப்பட்ட புளோரிடாவின் டோசியர் பள்ளி நிலத்தில் ஆய்வாளர் 55 புதைகுழிகளைக் கண்டனர். ஆசிரியையின் பாட்டன்முறை உறவினன் ஒருவனும் 1937இல் அங்கேயே இறந்தான். கதாநாயகன் தாங்குவது அவன் பெயரையே.

ஏடுகள் மறைத்ததை ஆவிகள் உரைக்கின்றன. சிறுவரைத் ‘திருத்தும்’ எந்நிறுவனத்தையும் ஐயத்துடன் நோக்குமாறு ஆசிரியர்களாகிய எம்மையும் இந்நாவல் பணிக்கிறது.