கபாலி திரைப்படமும் மலேசியத் தமிழர் வரவேற்பும்: ஒரு மதிப்பீடு

ஒரு திரைப்படத்தின் வெற்றி தோல்வியை அதன் முதல் மூன்று நாள் வசூலைக் கொண்டே அறுதியிடும் வழக்கம், 1975ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜாஸ்' என்னும் ஹாலிவுட் படத்தை ஒட்டி வலுப்பெற்றதாகும். நானூறுக்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒரே நாளில் திரையிடுவதும், அதற்கு முன்னரே தொலைக்காட்சி வழியாக ஆவலைத் தூண்டுவதும் அப்படத்திற்குப் பின்னர்ப் பொது விதியாயின. இம்முறையில் விமர்சகரின் கருத்து வெளிவருமுன் வணிகத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. தமிழ்த் திரையுலகில் இதனை முழு அளவில் கைக்கொண்ட படங்களுள் பா. இரஞ்சித் இயக்கி, கலைப்புலி எஸ். தாணு தயாரித்து, 22.7.2016 அன்று வெளியான 'கபாலி' முதன்மையானது எனலாம். ரஜினிகாந்தின் உருவம் தீட்டிய ஏர் ஏசியா விமானம் வானில் பறந்தது. சென்னையில் சில நிறுவனங்கள் அன்று ஊழியர்க்கு விடுமுறை வழங்கின. வசூல் பற்றித் தயாரிப்புத் தரப்பு வெளியிட்ட தொகைகளைத் தணிக்கை செய்யப்பட்ட கணக்காக எவரும் கொள்வதற்கில்லை. எனினும் தொடக்க நாள்களின் கூட்டம் ஐயத்திற்கு இடமற்றது.

கருத்துலகில் கிடைத்த வரவேற்போ இரண்டாகப் பிரிந்தது. வழக்கமான ரஜினி படத்தை எதிர்பார்த்துச் சென்றோர் ஏமாற்றம் அடைந்தனர். 'அட்டகத்தி' (2012), 'மெட்ராஸ்' (2014) ஆகியவற்றின் இயக்குநரைத் தேடிச் சென்றோர் நாயக பிம்பத்துக்குள் அவர் பொதிந்து வைத்த அரசியலைப் போற்றினர். தொடக்கத்தில் சிறையில் கபாலியின் கையில் இருக்கும் நூல், ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய ஒரு தலித் குடும்பத்தின் வரலாறு என்பதும், காந்தி துறந்த மேலாடையையும் அம்பேத்கர் அணிந்த கோட்டையும் ஒப்பிடும் உரையாடலும் அங்கே விரிவாக விவாதிக்கப்பட்டன. நாயகனா, இயக்குநரா என்பதே அவ்விவாதத்தின் மையம். படத்தின் களமாகிய மலேசியா அதில் பெரும்பாலும் ஒரு பின்புலத் திரைச்சீலையாகவே கருதப்பட்டது.

நம் நாட்டினர் அப்படத்தைப் பார்த்த பார்வை வேறு. மலாக்காவிலும் கோலாலம்பூரிலும் படமாக்கப்பட்டது, ரோஸ்யாம் நோர் போன்ற மலாய்க் கலைஞர்கள் நடித்தது, மலாய் மொழியில் குரல் மாற்றம் செய்யப்பட்டுத் திரைக்கு வந்தது ஆகியவை நம்மவரைப் பெருமிதம் கொள்ளச் செய்தன. தலைவர் பாத்திரத்தின் பெயர் 'தமிழ்நேசன்' என்று ஒலித்தபோது, 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன நாளிதழின் பெயரை நம் முதியோர் கேட்டனர். தமிழகத்துப் பார்வையாளர்க்கு அது வெறும் பெயர். உடை பற்றிய உரையாடலும் அத்தகையதே. தோட்டத்தில் உடை என்பது பதவி. துரை, கிராணி, தண்டல், தொழிலாளி என்னும் வரிசை சட்டையிலேயே தெரிந்தது. கிராணி எதிரே வந்தால் மிதிவண்டியைவிட்டு இறங்கி நின்ற கதையை நம் பெற்றோர் தலைமுறை இன்றும் கூறும். ஆகவே கபாலியின் கோட்டு, அம்பேத்கரை அறியாத தோட்டத்து முதியவருக்கும் பொருள் தந்தது. சாதி பற்றிய படத்தின் குரலை மட்டும் நம் இதழ்களில் வந்த மதிப்புரைகள் பெரும்பாலும் கடந்து சென்றன. 'இங்கு அதெல்லாம் இல்லை' என்னும் நம் பழைய மௌனத்தின் தொடர்ச்சியே அது என்பது என் கருத்து.

பெருமிதம் மிகுந்த இடத்தில் கேட்கப்படாமல் போன வினா ஒன்றுண்டு. தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகக் குரல் கொடுத்த இளைஞன் எவ்வாறு குண்டர் கும்பலின் தலைவனானான்? படம் இதற்குத் தரும் விடை துரோகமும் பழிவாங்கலும். வரலாறு தரும் விடை வேறு. சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் உள்ள பாரோயை எடுத்துக்கொள்வோம். ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த இப்பகுதியில் இன்று தாமான்களும் கடைவரிசைகளும் விளையாட்டரங்கமுமே கண்ணிற் படுகின்றன. தோட்டத்து வீடு தொழிலாளியின் உடைமை அன்று. அது வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. தோட்டம் விற்கப்பட்டபோது கூலி மட்டுமன்றிக் குடியிருப்பு, கோயில், பள்ளி, ஆயக்கொட்டகை, அண்டை அயல் யாவும் ஒருசேரக் கலைந்தன. தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததன் காரணமும் இதுவே. பின்னைய பத்தாண்டுகளில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது வெளியேறியவர்களுள் பலர் புறம்போக்கு நிலங்களில் குடிசை அமைத்தனர். 2013இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, உறுப்பினருள் பெரும்பான்மையினர் இந்தியர் என்ற செய்தி நம்மைத் தலைகுனியச் செய்தது. பால்மரக் காட்டுக்கும் அப்பட்டியலுக்கும் இடைப்பட்ட வழிதான் 'கபாலி'யில் காணப்படாதது. கூலிப் போராட்டத்திலிருந்து கோட்டு அணிந்த தலைவனுக்குக் கதை ஒரே தாவலில் சென்றுவிடுகின்றது.

அவ்வழியைக் காட்டிய படம் ஏழு மாதங்களுக்கு முன்னரே, 2015 டிசம்பரில், வந்திருந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' தோட்டம் கலைந்து புறம்போக்குக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை. உழைத்தே ஓயும் தந்தை, போதையில் வீழும் சித்தப்பன், கும்பலில் சேரும் இன்னொருவன், இவர்களிடையே வளரும் அப்போய் என்னும் சிறுவன். கற்பனை வளம் மிக்க அவனுக்கு வீட்டிலும் இடமில்லை, பள்ளியிலும் இடமில்லை. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கியதற்கு எழுந்த எதிர்ப்புக்குப் பின்னர், இப்படம் சிறந்த மலேசியத் திரைப்படம், சிறந்த இயக்குநர் ஆகிய விருதுகளைப் பெற்றது. விமர்சகர் பாராட்டும் விருதும் இருந்தும் 'கபாலி'க்குத் திரண்ட கூட்டத்தில் சிறு பங்கும் இதற்குத் திரளவில்லை. நட்சத்திர நடிகர் இல்லாமை ஒரு காரணம். நம் வாழ்வைச் சென்னையிலிருந்து ஒருவர் வந்து காட்டினால் கொண்டாடுவதும், நம்மவரே காட்டினால் முகம் சுளிப்பதும் மற்றொரு காரணம் எனத் தோன்றுகின்றது. இதனைக் கடுமையாகவே கூற வேண்டியுள்ளது.

'கபாலி'யின் முடிவு தனியே நோக்கத்தக்கது. மூலப் படியில், கபாலி ஆதரித்த பள்ளியில் பயின்ற இளைஞன் ஒருவன் காவல் துறையின் ஏவலால் துப்பாக்கியுடன் அவரை நெருங்க, திரை இருண்டு வெடியோசை மட்டும் கேட்கின்றது. சுட்டது யார், விழுந்தது யார் என்பது பார்வையாளரிடம் விடப்படுகின்றது. மலேசியாவில் திரையிடப்பட்ட படியிலோ, கபாலி காவல் துறையிடம் சரணடைந்தார் என்னும் வாசகம் சேர்க்கப்பட்டது. கும்பல் தலைவன் தண்டனைக்குத் தப்பலாகாது என்ற நோக்கம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆயினும் அவ்வொரு வரி நாயகனின் முடிவை மட்டும் மாற்றவில்லை. அம்மாணவனையும் கதையிலிருந்து நீக்கிவிட்டது. கும்பலிலிருந்து மீட்கத் தொடங்கப்பட்ட பள்ளியின் பிள்ளை, தன்னை வளர்த்தவர் மீதே ஆயுதம் ஏந்துகிறான். அவனை அந்நிலைக்குக் கொணர்ந்தது அச்சமா, கைம்மாறா, அப்பள்ளி கற்பிக்கத் தவறிய ஏதோ ஒன்றா? படம் முழுவதிலும் நம் ஆசிரியர்களை நேரே நோக்கி எழுப்பப்பட்ட வினா அதுவே. மலேசியப் படியைக் கண்டவர்க்கு அவ்வினாவே எழாமற் போயிற்று.