சிற்றிதழும் கையெழுத்து ஏடும்

தமிழில் சிற்றிதழ் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் 1933-இல் தோன்றிய ‘மணிக்கொடி’யில் தொடங்குவர். 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’க்கு வந்ததும் சற்று நின்று நிதானிப்பர். பிறகு ‘நடை’, ‘கசடதபற’ என்று அடுக்கிக்கொண்டு போவர். இவ்வரிசையில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இதில் இடம்பெறுவன யாவும் அச்சேறிய இதழ்களே. ஒரே ஒரு படியாகக் கையால் எழுதப்பெற்று, வீடு வீடாகச் சுற்றிவந்த கையெழுத்து ஏடுகளுக்கு முன்னுரையில் ஒரு வரி கிடைத்தால் அதுவே பெரிது. அவற்றை இவ்வாறு ஒதுக்கியது சரிதானா என்பதே என் வினா.

அமெரிக்கர் தம் சிற்றேடுகளின் வரலாற்றை வேறுவிதமாக எழுதுகின்றனர். 1926-இல் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பார் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் அறிவியற் புனைகதை இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை அவர்தம் முகவரியோடு அச்சிடுவது அவ்விதழின் வழக்கமாயிற்று. முகவரி கிடைத்ததும் வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுத் தமக்குள்ளேயே கடிதம் எழுதிக்கொள்ளலாயினர். அக்கடிதத் தொடர்பிலிருந்து 1930-இல் சிகாகோவில் ‘தி காமெட்’ என்னும் சிறு ஏடு பிறந்தது. ரசிகர் ஏடுகளில் அதுவே முதலாவது என்பர். ‘ஃபேன்சீன்’ என்ற பெயர் 1940-இல்தான் வந்தது. அதனை இட்டவரும் அவ்வேடுகளை நடத்தியவர்களுள் ஒருவரே.

1937-இல் அமைந்த ஒரு சங்கத்தின் நடைமுறை என்னை மிகவும் கவர்ந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஏட்டைத் தாமே படியெடுத்து அஞ்சல் பொறுப்பாளருக்கு அனுப்பவேண்டும். அவர் வந்தவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டி, ஆளுக்கொரு கட்டாகத் திருப்பி அனுப்புவார். ஒன்றும் எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருப்பவருக்கு அங்கே நெடுநாள் இடமில்லை. ‘ஃபாரன்ஹீட் 451’ எழுதிப் புகழ்பெற்ற ரே பிராட்பரியின் முதற்கதை 1938-இல் வெளிவந்தது இத்தகைய ரசிகர் ஏடு ஒன்றில்தான். மறு ஆண்டு அவரே ஓர் ஏடு தொடங்கி, நான்கு இதழ்களோடு முடித்துக்கொண்டார். அதனைத் தோல்வி என்று அங்கு எவரும் குறிப்பதில்லை. பின்னர் 1967-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரைக் கொண்டாடிப் பெண்கள் நடத்திய ஏடும், 1970-களில் இசைக்குழுக்களைப் பற்றி இளைஞர்கள் ஒளிநகல் எடுத்துப் பரப்பிய ஏடுகளும் இக்குடும்பத்தையே சேர்ந்தன.

இவையெல்லாம் இலக்கியமா என்று கேட்பார் உண்டு. பெரும்பகுதி இல்லை என்றே நானும் சொல்வேன். ஆயினும் வாசிப்பவரும் எழுதுபவரும் இடம் மாறிக்கொண்டே இருந்தனர். இவ்வேடுகளின் உயிர் அதில்தான் இருந்தது. இந்த அளவுகோலைக் கொண்டு நம் இதழ்களைப் பார்த்தால் சில மதிப்பீடுகள் மாறத்தான் செய்யும்.

‘எழுத்து’வையே எடுத்துக்கொள்வோம். இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று செல்லப்பா முதலிலேயே அறிவித்துவிட்டார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. புதுக்கவிதைக்கு அது செய்த பணியை யாவரும் பேசுகின்றனர். திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய தருமு சிவராமும், வடக்கே அரசுப் பணியில் இருந்த வெங்கட் சாமிநாதனும் அவ்விதழில் எழுதியே திறனாய்வாளர் ஆயினர் என்பதை நான் அதனினும் மேலாகக் கருதுகிறேன். முன்பின் அறியாத ஓர் இளைஞரின் கருத்துக்குப் பக்கம் ஒதுக்கிய துணிவே செல்லப்பாவின் பெருமை. பின்வந்தோரில் பலர் அவரிடமிருந்து குறைந்த எண்ணிக்கையை மட்டும் கற்றுக்கொண்டனர். அந்தத் திறந்த வாயிலைக் கற்றுக்கொள்ளவில்லை. சில நூறு பேர் படிப்பதே சிறப்பு என்னும் செருக்கு தமிழ்ச் சிற்றிதழில் புகுந்தது அவ்வாறுதான்.

இதற்கு மாறான சான்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. முடிதிருத்தும் தொழில் செய்த டொமினிக் ஜீவா 1966-இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி 2012 வரை நடத்தினார். தாமே தெருத்தெருவாக நடந்து இதழை விற்றார். வாங்குபவரின் முகத்தைப் பார்த்து விற்றவர் அவர். ‘மல்லிகை’யில் வந்த எல்லாக் கதைகளும் தரமானவை என்று நான் வாதாடமாட்டேன். ஆனால் அதனைத் தங்கள் இதழ் என்று எண்ணிய வாசகர் கூட்டம் அதற்கு இருந்தது.

மலேசியாவில் கதை வேறு. இங்கே எழுத்தாளரை வளர்த்தவை பெரும்பாலும் நாளிதழ்களே. 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ 1950-இல் தொடங்கிய கதை வகுப்பு அதற்குத் தக்க சான்று. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய அவ்வகுப்பு பலருக்கு எழுத்தறிவித்தது. எனினும் அது வகுப்புத்தான். ஆசிரியர் திருத்துவார், மாணவர் காத்திருப்பார். பத்திரிகை ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் அப்பழக்கம் நம் எழுத்தாளரிடம் நெடுங்காலம் நிலைத்துவிட்டது என்பது என் கருத்து. நானும் ஆசிரியத் தொழில் செய்பவன். இதைச் சொல்ல எனக்குச் சிறிது கூச்சமே. அதனோடு சட்டமும் ஒரு தடை. 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி பருவ இதழ் நடத்த உரிமம் வேண்டும். 2012-இல் திருத்தம் வரும்வரை அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. 2006-இல் ‘காதல்’, 2007-இல் ‘வல்லினம்’ என இளைஞர்கள் துணிந்து இறங்கியபோது, தமிழகத்துக்கு ஐம்பது ஆண்டு பிந்திய முயற்சி என்று சிலர் கூறினர். ‘வல்லினம்’ 2009-இல் இணையத்துக்குச் சென்றது.

பிந்தியது உண்மையா? அச்சேறியதை மட்டும் எண்ணினால் உண்மை. 1984 அளவில், போர்ட் கிள்ளானை அடுத்த எங்கள் தோட்டத்தில் இளைஞர் சிலர் கையெழுத்து ஏடு ஒன்று நடத்தினர். நான் அப்போது பள்ளிச் சிறுவன். லயத்தில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அதனைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கடைசி நான்கு பக்கங்கள் வாசகர் கருத்துக்கென்று வெறுமையாய் விடப்பட்டிருக்கும். ஓர் இதழில் வந்த கதையில் கதைத்தலைவி நண்பகலில் பால்மரம் சீவுகிறாள். அப்போது காதலன் வருகிறான். மரம் வெட்டும் அம்மா ஒருவர் மகளைக்கொண்டு அப்பக்கத்தில் எழுதுவித்தார்: “தம்பி, நடுப்பகலில் எந்த மரம் பால் விடும்? விடியற்காலையில் வரச் சொல்.” அடுத்த இதழில் கதையாசிரியர் மன்னிப்புக் கேட்டு, காதலனை வைகறையில் வரவழைத்துக் கதையை மீண்டும் எழுதினார். இரண்டாவது வடிவமே நன்றாக இருந்தது. பனியும் கொசுவும் விளக்கும் கதைக்குள் வந்துவிட்டன. பின்னாளில் பயிற்சிக் கல்லூரியில் திறனாய்வைப் பற்றி நான் கேட்ட விரிவுரைகளில் இத்துணைப் பயன் விளைத்த குறிப்பு வேறொன்று நினைவில்லை.

அந்த ஏடு ஆறு இதழ்கள் வந்தது. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் ஆளுக்கொரு பக்கம் போனபின் அதில் ஓர் இதழும் எஞ்சவில்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக நூலகம் ஹெவலின் என்னும் ஒரு ரசிகர் சேர்த்துவைத்த ஏறத்தாழ 10,000 ஏடுகளைப் பெற்று, 2014 முதல் அவற்றை ஒளிப்படியாக்கத் தொடங்கியது. தமிழ் அச்சு நூல்களுக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா அவ்வாறு ஒருவர் வாய்த்தார். நம் தோட்டத்து ஏடுகளுக்கு அப்படி எவரும் வாய்க்கவில்லை. கிள்ளான் வட்டாரத்தில் எவர் வீட்டுத் தகரப் பெட்டியிலேனும் ஒரு படி கிடந்தால், அட்டை கிழிந்திருந்தாலும், கடைசி நான்கு பக்கங்களை முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும்.