சிவப்பு உறையில் ஒரு வெடிகுண்டு

பழைய கன்சோல்களில் ஹோம்ப்ரூ, அதாவது நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஆர்வலர்களே எழுதும் மென்பொருள், ஏற்றும் பைத்தியம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. பிஎஸ்பியில் செய்திருக்கிறேன், 3டிஎஸ்ஸில் செய்திருக்கிறேன். அதெல்லாம் வேலை. நிண்டெண்டோ வீயில் செய்வதுதான் விளையாட்டு!

கன்சோலின் செட்டிங்ஸில் மேக் அட்ரஸ் என்று ஒரு எண் இருக்கும். அதை லெட்டர்பாம் என்ற ஹேக்கின் இணையப் பக்கத்தில் கொடுத்து, சிஸ்டம் வெர்ஷன் 4.3, எந்த நாட்டு மாடல் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். என்னுடையது சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது, அதனால் 'யு'. டவுன்லோடுக்கு இரண்டு பட்டன்கள் வரும்: சிவப்பு ஒயரை வெட்டு, நீல ஒயரை வெட்டு. படத்தின் கிளைமாக்ஸில் கதாநாயகன் வியர்த்து வழிய யோசிப்பானே, அதே கேள்வி. எதை வெட்டினாலும் வருவது ஒரே ஃபைல்தான். அங்கேயே எனக்குச் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது.

வந்ததை எஸ்டி கார்டில் போட்டு, கார்டை வீயில் செருகி, மெசேஜ் போர்டைத் திறந்தால், நேற்றைய தேதியிலோ இன்றைய தேதியிலோ ஒரு சிவப்பு உறை காத்திருக்கும். அதன் மேல் கார்ட்டூன் வெடிகுண்டு. சொடுக்கினேன். திரை ஒரு கணம் உறைந்தது. பிறகு கறுப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓட ஆரம்பித்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பையன், "மாமா, வைரஸ் வந்துடுச்சா?" என்று கேட்டான். "இல்லடா, சாவி வந்துடுச்சு" என்றேன். அவன் நம்பவில்லை.

அடுத்து வரும் திரைதான் எனக்கு உயிர். இந்த மென்பொருளுக்கு நீங்கள் காசு கொடுத்திருந்தால் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், உடனே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கிறது. அதைப் படிக்க அவகாசம் விட்ட பிறகே அடுத்த படிக்குப் போக விடுகிறது. இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டு, அதை யாரும் விற்றுப் பிழைக்கக் கூடாது என்று வாசலிலேயே நிற்கிறார்களே, இவர்களை எப்படிக் கொண்டாடாமல் இருப்பது?

இவர்கள் டீம் ட்வீசர்ஸ். ட்வீசர் என்றால் புருவம் திருத்தும் அதே இடுக்கிதான். வீ பெட்டி முந்தைய தலைமுறை கேம்க்யூப் விளையாட்டுகளையும் ஓட்டும். அப்படி ஓட்டும்போது 64 எம்பி நினைவகத்தில் 16 எம்பியை மட்டுமே கண்ணில் காட்டும். மிச்சம் இருப்பதில்தான் ரகசியச் சாவிகள். இவர்கள் பெட்டியைப் பிரித்து, நினைவகத்தின் முகவரிக் கம்பிகளை இடுக்கியால் ஒன்றோடொன்று தொடவைத்தார்கள். அந்த 16 எம்பி ஜன்னல் இடம் மாறியது. முன்பு ஓடிய மென்பொருள் விட்டுச்சென்ற சாவிகள் அப்படியே தெரிந்தன. நிண்டெண்டோ அந்த இடத்தைத் துடைத்து வைத்திருக்கவில்லை. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில், சொந்த நிரல் ஓடும் வீயை மேடையில் காட்டினார்கள்.

இன்னொரு ஓட்டை இதைவிட ருசி. வீயில் ஓடும் எதற்கும் நிண்டெண்டோவின் மின்கையெழுத்து வேண்டும். கையெழுத்திலிருந்து கிடைக்கும் 20 பைட் எண்ணையும், மென்பொருளிலிருந்து கணக்கிட்ட 20 பைட் எண்ணையும் கன்சோல் ஒப்பிடும். அதற்கு எழுத்துச் சரங்களை ஒப்பிடும் கட்டளையைப் பயன்படுத்திவிட்டார்கள். அந்தக் கட்டளைக்குச் சுழியம் வந்தால் சரம் முடிந்தது என்று பொருள். முதல் இலை காலியாக இருப்பதைப் பார்த்து, பந்தி முடிந்தது என்று பரிமாறுபவர் திரும்பிப் போன கதை. இரண்டு பக்கமும் முதல் பைட் சுழியமாக இருந்தால் மிச்சம் 19ஐப் பார்க்காமலே சரி என்றுவிடும். எல்லாம் சுழியமாக ஒரு போலிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மென்பொருளில் உபயோகமில்லாத ஓர் இடத்தைச் சராசரியாக 256 முறை மாற்றிப் பார்த்தால் போதும். கணினிக்கு அது கண்சிமிட்டும் நேரம்கூட இல்லை. உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்ற பெட்டிக்கு இதுதான் காவல்!

பிறகு அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதற்குள் வேறு வழிகள் முளைத்துவிட்டன. 2008இன் ட்வைலைட் ஹேக், செல்டா விளையாட்டின் சேவ் ஃபைலில் குதிரைக்கு அளவுக்கு மீறி நீளமான பெயர் வைத்து உள்ளே நுழைந்தது. லெட்டர்பாம் வந்தது 2011இல். அதற்கும் பின்னால் வந்த ஒன்று, பயனர் ஒப்பந்தத்தைக் காட்டும் பக்கத்தின் வழியாகவே உள்ளே போகிறது. யாருமே படிக்காத அந்த ஒப்பந்தம் ஒரு காரியத்துக்காவது உதவியிருக்கிறது.

ஆனால் நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது பூட்மீ என்ற மீட்பு மென்பொருளை. கன்சோலை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது பூட்0. அது சிப்பிலேயே பொறித்தது. அடுத்தது பூட்1. அதன் அடையாளம் தொழிற்சாலையில் ஒருமுறை எழுதப்பட்டால் எழுதியதுதான், பிறகு நிண்டெண்டோ நினைத்தாலும் மாற்ற முடியாது. ஆரம்பகாலப் பெட்டிகளின் பூட்1இலும் அந்தச் சுழியப் பிழை இருந்தது. அதனால் அவற்றில் பூட்மீயை, பூட்1 அடுத்து ஏற்றும் பூட்2 இடத்திலேயே வைத்துவிடலாம். அதற்கு மேலே இருக்கும் மென்பொருள் முழுக்கப் பாழானாலும் பெட்டியை மீட்டுவிடலாம் என்று அர்த்தம். என் பெட்டி பழையது. பூட்2இல் வைக்கலாம் என்று இன்ஸ்டாலர் சொன்னபோது நான் போட்ட சத்தத்துக்கு அடுப்படியிலிருந்து அம்மாவே எட்டிப் பார்த்தார்.

பூட்மீக்குள் போனால் வீ ரிமோட் வேலை செய்யாது. அந்த ஆழத்தில் புளூடூத் எல்லாம் இல்லை. பெட்டியின் பவர் பட்டனால் நகர்ந்து, ரீசெட் பட்டனால் தேர்ந்தெடுக்க வேண்டும். பேக்கப் கொடுத்தால் 512 எம்பி ஃபிளாஷ் நினைவகம் 4,096 கட்டங்களாகத் திரையில் விரிந்து, ஒவ்வொன்றாகப் பச்சையாகும். நடுவே சில கறுப்புக் கட்டங்கள் வந்தால் பதற வேண்டாம், அவை தொழிற்சாலையிலிருந்தே பழுதான இடங்கள். அந்தப் பச்சை நிறைவதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன்.

சரி, இத்தனையும் செய்து என்ன கிடைத்தது? மெனுவில் ஹோம்ப்ரூ சேனல் வந்து உட்கார்ந்தது. உள்ளே நீலத்தில் குமிழிகள் மிதக்க, எஸ்டி கார்டில் நான் போட்டதெல்லாம் வரிசையாக நின்றன. முதலில் திறந்தது ஸ்கம்விஎம். பழைய சாகச விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருள். 1994இல் வந்த 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' இன்று சட்டப்படியே இலவசம். வாட்ச்மென் காமிக்ஸை வரைந்த டேவ் கிப்பன்ஸின் கைவண்ணம் அதில் உண்டு. மவுஸால் சுட்டிச் சுட்டி ஆட வேண்டிய விளையாட்டை, சோபாவில் சாய்ந்தபடி வீ ரிமோட்டால் சுட்டி ஆடினேன். இந்த ரிமோட்டை இதற்காகவே செய்தார்களோ என்று தோன்றியது. நிண்டெண்டோவுக்கு ஏன் இது தோன்றவில்லை?

அடுத்தது பழைய டியூப் டிவி. தட்டைத் திரைவாசிகள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பழைய கன்சோல்களைப் போல நடிக்கும் வீயின் எமுலேட்டர்கள், அவற்றின் 240பி சிக்னலை அப்படியே வெளியே அனுப்பும். 2019இல் புதிதாக எழுதப்பட்டு, 1980களின் கன்சோலுக்கென்றே 40 கேபிக்குள் அடங்கிய 'மைக்ரோ மேஜஸ்' விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி ஓட்டினேன். வீ ரிமோட்டைப் படுக்கவைத்துப் பிடித்தால் அந்தக் காலத்துப் பேட் மாதிரியே கையில் நிற்கிறது. டியூபில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக ஒளிர, அந்தக் குட்டி மந்திரவாதிகள் கோபுரம் ஏறும் அழகை எந்த 4கே திரையிலும் பார்க்க முடியாது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம். திருட்டு விளையாட்டுகளை ஏற்றுவது பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். டீம் ட்வீசர்ஸே அதற்கு எதிரிகள்.

நிண்டெண்டோ 2014 மே மாதம் வீயின் ஆன்லைன் ஆட்டங்களை நிறுத்தியது, 2019 ஜனவரியில் கடையையும் மூடியது. ரசிகர்கள் நடத்தும் விம்ஃபி சர்வரில் மரியோ கார்ட் இன்னும் ஓடுகிறது. அதில் நான் கடைசியாக வருவது வேறு விஷயம்.

ஒரு கசப்பும் உண்டு. 2025 ஏப்ரலில், அதே குழுவின் மறுபிறவியான ஃபெயில்ஓவர்ஃப்ளோ ஹோம்ப்ரூ சேனலின் மூலநிரலை, இனி மேம்படுத்துவதில்லை என்று காப்பகமாக்கிவிட்டது. தாங்கள் நம்பியிருந்த லிப்ஓஜிசி என்ற நிரல் நூலகத்தின் பகுதிகள் நிண்டெண்டோவிடமிருந்தும், ஆர்டெம்ஸ் என்ற திறந்த மென்பொருளிலிருந்து பெயர் சொல்லாமலும் எடுக்கப்பட்டவை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதே கறார்தான் அந்த எச்சரிக்கைத் திரையிலும் இருந்தது, அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. ஏற்கெனவே ஏற்றிய சேனல் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு வீ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். அமெரிக்க மாடல் என்றால் அதன் அடாப்டர் நம் 230 வோல்ட்டைத் தாங்காது, இந்த ஊருக்கான 12 வோல்ட் வீ அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கார்டை எஃப்ஏடி32இல் ஃபார்மட் செய்யுங்கள். சேனல் வந்ததும் விளையாட்டுக்கு ஓடாமல், முதலில் பூட்மீ பேக்கப் எடுத்து, அதைக் கார்டிலேயே விடாமல் கம்ப்யூட்டரில் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒயர் விஷயத்தில் நான் சிவப்பு கட்சி.