பொறுப்பாசிரியர் மாறிப் போனால் தளம் யார் கையில்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் இணையத்தளத்தைக் கவனித்துக்கொள்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர்தான். வகுப்பு, புறப்பாடம், கல்வி இலாகா கேட்கும் தரவுகள் எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் அரைமணி நேரத்தில், கைப்பேசியில், தளத்துக்குள் நுழைவார். பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகமாட்டார். ஒருநாள் மாற்றல் கடிதம் வரும். சுங்கை பட்டாணியை விட்டுப் பாலிங்குக்குப் போய்விடுவார். உள்ளடக்க மேலாண்மை மென்பொருளின் நிர்வாகத் திரையை எடைபோடுவதென்றால் இவரை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம்.

உலக இணையத்தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுவதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 2003இல் வலைப்பதிவுக் கருவியாகப் பிறந்த இதன் நிர்வாகத் திரை 2008இல் இருமுறை மாறியது. 2013 டிசம்பரில் வந்த 3.8 பதிப்பு எழுத்தைப் பெரிதாக்கி, நிறங்களைத் தெளிவாக்கி, சின்னத் திரைக்கும் பொருந்தும்படி செய்தது. கைப்பேசி மட்டுமே கையிலிருக்கும் ஆசிரியருக்கு அது உண்மையான உதவி.

2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த பிளாக் எடிட்டரைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்தி, படம், அட்டவணை ஒவ்வொன்றும் தனிக் கட்டமானது. விளையாட்டுப் போட்டிப் படங்களை இரண்டு வரிசையாக அடுக்க இனி நிரல் தெரிய வேண்டியதில்லை. அது பெரிய வசதி. ஆனால் எப்போதாவது வருபவர் ஒரு வரியைத் தொட்டாலே மேலே ஒரு கருவிப்பட்டை முளைக்கிறது, பக்கத்தில் இன்னொரு பலகை விரிகிறது. போன தடவை கற்றது இந்தத் தடவை நினைவில் இருப்பதில்லை. பார்வையற்றோரும் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்போரும் பயன்படுத்த முடியுமா என்று 2019இல் டெனான் நிறுவனம் ஆராய்ந்தபோது 91 குறைகள் அகப்பட்டன. பழைய எடிட்டரைத் திருப்பித் தரும் பிளகினை (கூடுதல் நிரலை) 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நிறுவிக்கொண்டன. இத்தனை பேர் பின்வாங்கியதைப் பழக்கதோஷம் என்று தள்ளிவிட முடியாது.

இதே வகை மென்பொருளான துரூபல் வேறு வழியில் போனது. பயனர்களை உட்காரவைத்து அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று 2008இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கவனித்தார்கள். 2011இல் வந்த துரூபல் 7இல் நிர்வாகப் பக்கங்கள் தளத்தின் மேலேயே ஒரு திரையாக விரிந்தன. அது பலருக்கு இடைஞ்சலாக இருந்தது. 2015இல் துரூபல் 8இல் எடுத்துவிட்டார்கள். போட்டதை எடுக்கவும் துணிந்த அந்தக் குணத்தை நான் மதிக்கிறேன்.

நம் ஆசிரியருக்கு நிஜமாகவே கைகொடுத்தவை வேர்ட்பிரஸின் சத்தமில்லாத மாற்றங்கள். 2019 நவம்பரின் 5.3 பதிப்பு முதல், கைப்பேசியில் எடுத்த பெரிய படத்தை ஏற்றினால் 2560 பிக்ஸல் அளவுக்குத் தானே சுருக்கிக்கொள்கிறது. அவர் எதையும் கற்க வேண்டியதில்லை. அதே ஆண்டு மே மாதத்தின் 5.2, பிளகின் பழுதாகித் தளம் முடங்கினால் உள்ளே நுழைய ஓர் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கிறது.

சிக்கலும் அங்கேதான். அந்த மின்னஞ்சல் போவது பதிவான ஒரே ஒரு நிர்வாகி முகவரிக்கு. பள்ளிகளில் அது மாற்றலாகிப் போன ஆசிரியரின் சொந்த முகவரியாக இருந்துவிடுகிறது. முகவரி சரிதானா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் நிர்வாகி உள்ளே வந்தால்தான் கேட்கும். ஆளே வராத தளத்தில் அந்தக் கேள்வி யாருக்கும் காட்டப்படுவதில்லை. கவனிப்பு மிகவும் தேவைப்படும் தளத்துக்கே இந்த ஏற்பாடு உதவாமல் போகிறது.

பொறுப்புநிலைகளிலும் இதே கதை. நிர்வாகி தொடங்கிச் சந்தாதாரர் வரை ஐந்து நிலைகள் உண்டு. ஆசிரியருக்கு 'எடிட்டர்' நிலை தந்தால் பிளகின், வடிவமைப்பு மெனுக்கள் மறைந்து திரை பாதி லேசாகிவிடும். நடப்பிலோ ஒரே நிர்வாகிக் கடவுச்சொல் புலனக் குழுவில் சுற்றுகிறது. நுழைந்ததும் 'கட்டணப் பதிப்பு வாங்குங்கள்', 'ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்' என்று பிளகின்களின் அறிவிப்புகள் திரையின் மேல்பகுதியை அடைத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு நடுவில் பாதுகாப்பு எச்சரிக்கை இருந்தாலும் கண்ணில் படாது.

கருவியைக் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு நாடு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் என்ற அரசுத் திட்டத்தில் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு ஃபிராக் விஎல்இ என்ற இணையக் கற்றல் தளம் வந்தது. 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையின்படி அதன் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2019இல் திட்டமே முடிந்தது. இணைய வேகக் குறைவு உட்படக் காரணங்கள் பல. ஆனால் அன்றாடம் அதை இயக்க வேண்டிய ஆசிரியரின் நேரம் கணக்கில் வந்ததாகத் தெரியவில்லை.

எழுதும் திரையை அழகாக்கச் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதி பொறுப்பை ஒப்படைக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். நிர்வாகி முகவரிக்கு இரண்டாவது கட்டம் வேண்டும். பல மாதம் யாரும் நுழையாவிட்டால் இரண்டு முகவரிகளுக்கும் தகவல் போக வேண்டும். அது வரும்வரை அந்த ஒற்றைக் கட்டத்தில் பள்ளியின் பெயரிலுள்ள முகவரியைப் போட்டு, அதன் கடவுச்சொல்லைத் தலைமையாசிரியர் அலுவலகத்தில் வைப்பதே சரி. பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளருக்கும் தனியாக ஒரு நிர்வாகிக் கணக்கு இருக்கட்டும்.